மாந்தோப்பும் மணப்பொறியும்

2014ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதியன்று ஐரோப்பிய யூனியன் இந்திய மாம்பழத்திற்குத் தன் கதவைச் சாத்திற்று. முந்திய வருஷம் சென்ற சரக்குகளில் பழ ஈயின் புழுக்கள் அகப்பட்டமையே காரணமென்று சொல்லப்பட்டது. அச்சமயம் நம் நாட்டில் எழுந்த ஆத்திரத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வியாபாரச் சூழ்ச்சி என்றார் சிலர். வெள்ளையரின் பழைய இறுமாப்பு என்றார் வேறு சிலர். நமக்கு மட்டும் அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. ஏனெனில், ஐரோப்பியன் பெட்டியைப் பிரித்துக் கண்ட புழுவை நாம் நமது சொந்த இலையிலேயே பல முறை கண்டிருக்கிறோம். ஆனி மாதத்தில் வாங்கும் பழத்தைக் கீறிப் பார்க்காமல் வாயில் வைக்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

தடை 2015ஆம் வருஷத் தொடக்கத்தில் நீங்கிற்று. பழத்தைச் சுடுநீரில் முக்கி எடுத்து அனுப்புவதென்று ஏற்பாடாயிற்று. ஜப்பானும் இதே ஈயின் பொருட்டு 20 வருஷ காலம் நமது பழத்தை விலக்கி வைத்திருந்து 2006இல்தான் அனுமதி தந்தது. அதற்கும் நீராவிச் சூட்டில் பழத்தை வாட்ட வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் துறைமுக வாசலில் செய்யும் பரிகாரங்கள். கப்பலேறும் பழத்திற்கு இவை போதும். கிருஷ்ணகிரியிலும் சேலத்திலும் தோப்பிலேயே அழுகி விழும் பழத்திற்கு இவற்றால் என்ன பயன்? அந்நஷ்டத்தை அனுபவிப்பவன் ஏற்றுமதி வியாபாரி அல்லன், தோப்புக்காரன். ஆகவே தோப்பிலிருந்தே நாம் விஷயத்தைத் தொடங்குகிறோம்.

பழ ஈ என்பது வீட்டு ஈயைப்போல் கண்ட இடத்தில் மொய்ப்பதன்று. மஞ்சளும் கபிலமும் கலந்த, சிறு குளவியைப் போன்ற தோற்றமுடையது. காய் முற்றிப் பழுக்கும் பருவத்தில் பெண் ஈ தன் வால்முனையிலுள்ள ஊசியால் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. வெளியே தெரிவது ஓர் ஊசிக் குத்து மட்டுமே. இரண்டொரு நாளில் புழு பொரித்துச் சதையைத் தின்னத் தொடங்குகிறது. பழம் அழுகி விழுந்ததும் புழு வெளியேறி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிப் பின் ஈயாக எழுகிறது. ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய ஒரு மாதம். ஆதலால் பருவத்தின் முற்பகுதியில் வரும் பழம் ஓரளவு தப்ப, பின்பகுதியில் வரும் பழம் பெருகிய கூட்டம் முழுவதற்கும் இரையாகிறது.

இதற்கு நமது தோப்புக்காரர் அறிந்த மருந்து ஒன்றே. விசைத் தெளிப்பானில் பூச்சிமருந்தைக் கரைத்து மரம் நனைய அடிப்பது. புழு பழத்தின் நடுவில் இருக்கிறது. கூடு மண்ணுக்குள் இருக்கிறது. மருந்து இலையிலும் தோலிலும் இருக்கிறது. எதிரி கோட்டைக்குள் இருக்க மதிலுக்கு வெள்ளையடிப்பது போன்ற காரியம் இது. பறக்கும் ஈக்களில் சில சாகும் என்பதை மறுக்கவில்லை. அதற்குள் அடுத்த தோப்பிலிருந்து வேறு ஈக்கள் வந்துவிடும். எஞ்சுவது மருந்துக் கடைக் கடனும், அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன் அடித்த விஷத்தின் மிச்சமுந்தான். அம்மிச்சத்தைத் தின்பவர்கள் நாம்.

வேறு வழி இல்லாமலில்லை. அவ்வழி இந்திய மண்ணிலேயே 100 வருஷங்களுக்கு முன்பு கண்டுபிடிக்கப்பட்டதென்பதை நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

பீஹாரில் பூஸா என்ற ஊரில் கர்ஸன் பிரபுவின் காலத்தில் 1905இல் விவசாய ஆராய்ச்சி நிலையமொன்று நிறுவப்பட்டது. பெயர் ஏகாதிபத்திய நிலையம். அதற்கு மூலதனமாகப் பெருந்தொகை கொடுத்தவர் ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்க தனவந்தர். கட்டடம் எழுந்தது நமது மண்ணில். 1934ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் அது சிதைந்தபின் நிலையம் டில்லிக்கு மாறிற்று. அந்தப் பூஸாவில் பூச்சி சாஸ்திரியாக இருந்தவர் ஹௌலெட் என்ற ஆங்கிலேயர். அங்கே ஒருவர் கொசுத் தொல்லைக்காகச் சிட்ரனெல்லா என்ற புல்லெண்ணெயைக் கைக்குட்டையில் தெளித்து வைத்திருந்தார். கொசு ஓடிற்றோ இல்லையோ, பழ ஈக்கள் அக்கைக்குட்டையை மொய்த்தன. வேறொருவராயிருந்தால் உதறிவிட்டுப் போயிருப்பார். ஹௌலெட் அந்த ஈக்களைப் பிடித்துப் பார்த்தார். அத்தனையும் ஆண் ஈக்கள்! ஒரு பெண்கூட இல்லை. இதை 1912இல் எழுதி வெளியிட்டார். எண்ணெயிலுள்ள பல சரக்குகளையும் தனித்தனியே சோதித்து, ஈக்களை இழுப்பது மெதில் யூஜினால் என்னும் பொருளே என்று 1915இல் நிலைநாட்டினார். அன்னிய அரசாங்கத்தின் உத்தியோகஸ்தர்களைப்பற்றிச் சொல்ல நம்மிடம் குறை எவ்வளவோ உண்டு. ஆயினும் ஒரு கைக்குட்டையை உற்றுப் பார்த்த இம்மனிதருக்குரிய மரியாதையைக் கொடுப்பதில் நமக்குத் தயக்கமில்லை.

பூச்சிகள் மணத்தால் பேசிக்கொள்கின்றன என்பது இன்று நிச்சயமான சாஸ்திரம். ஜெர்மன் ரஸாயன சாஸ்திரி பூட்டெனாண்ட் ஏறக்குறைய 20 வருஷம் உழைத்து, சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து, ஆணை அழைக்கும் மணப்பொருளைச் சில மில்லிகிராம் மட்டும் பிரித்தெடுத்து 1959இல் அதன் அமைப்பை வெளியிட்டார். அவ்வருஷமே இத்தகைய பொருள்களுக்குப் பெரோமோன் என்று பெயர் வைக்கப்பட்டது. காற்றில் எண்ணத்தகாத அளவு கரைந்திருந்தாலும் உரிய பூச்சி அதை உணர்கிறது. அடுத்த இனத்துப் பூச்சி அதைப் பொருட்படுத்துவதேயில்லை. பூச்சிமருந்துக்கு இந்த விவேகம் கிடையாது. தேனீயும் குளவியும் சிலந்தியும் அதற்கு ஒன்றே.

ஆனால் மெதில் யூஜினால் பெண் ஈயின் பெரோமோன் அன்று. அது செடிகளில் உண்டாகும் பொருள். நமது வீட்டு முற்றத்துத் துளசியிலும் அது உண்டு. மலேயாக் காடுகளில் சில ஆர்க்கிட் மலர்களிலும் உண்டு. பின் ஆண் ஈ ஏன் அதைத் தேடி ஓடுகிறது? ஹௌலெட்டுக்குப் பிறகு 70 வருஷங்களுக்கு மேல் விடை கிடைக்காமலிருந்தது. 1980க்களின் பிற்பகுதியில் ஜப்பானிலுள்ள க்யோட்டோவின் நிஷிதாவும் பினாங்கின் டான் என்பவரும் அதைத் துலக்கினார்கள். ஆண் ஈ அப்பொருளை நக்கி உண்கிறது. உடலுக்குள் வேறு பொருளாக மாற்றுகிறது. பின்புறத்திலுள்ள ஒரு சுரப்பியில் சேமித்து வைக்கிறது. அந்தி வேளையில் அதையே மணமாக வீசிப் பெண்ணை அழைக்கிறது. அதாவது, கல்யாணத்துக்குப் புறப்படும் மாப்பிள்ளை பூக்கடைக்குப் போவது போல் ஆண் ஈ மலருக்குப் போகிறது. அப்பொருளை உண்ட ஆணையே பெண் அதிகம் விரும்புகிறதென்றும் சோதனைகளில் தெரியவந்தது. மலரோ தேன் எதுவும் தராமல், இந்த ஒரு கையூட்டைக் கொடுத்தே மகரந்தம் சுமக்கும் வேலையை ஈயிடம் வாங்கிக்கொள்கிறது.

இந்த ஞானத்திலிருந்து பிறந்த கருவி வெகு எளியது. இரண்டங்குலச் சதுரமுள்ள பலகைத் துண்டை மெதில் யூஜினாலும் சிறிது பூச்சிமருந்தும் சாராயமும் கலந்த கலவையில் ஊறவைத்து, பக்கங்களில் துவாரமிட்ட ஒரு பிளாஸ்டிக் புட்டிக்குள் தொங்கவிடுவது. ஆண் ஈ உள்ளே போய் நக்கி மடிகிறது. மருந்து ஒரு துளிகூடப் பழத்தில் படுவதில்லை. ஹெக்டேருக்கு 25 பொறிகள் வைக்கலாமென்று நமது கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலையார் சொல்கிறார்கள். காலிப் புட்டிகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். மெதில் யூஜினாலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 2023இல் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே அதை வெறுங்கையால் தொடலாகாது. சிறுவர்களை விட்டுக் கட்டை ஊறவைக்கலாகாது. மற்றொன்று, பொறியிலுள்ள விஷம் தீர்ந்து மணம் மட்டும் மிஞ்சியிருந்தால், வந்து நக்கிப்போகும் ஆண் ஈ சாகாமல் மாப்பிள்ளை மிடுக்கோடு திரும்பிவிடும். கட்டையை மாற்றாமல் விட்ட தோப்புக்காரன் தன் பகைவனுக்குச் சந்தனம் பூசி அனுப்பியவனாவான்.

இவ்வளவு எளிய கருவி இருந்தும் நமது தோப்புகளில் புழு ஏன் குறையவில்லை? பொறி வைத்துப் பார்த்துக் கைவிட்ட தோப்புக்காரர்கள் பலர். அவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான். “புட்டி நிறைய ஈ விழுந்தது, பழமும் அழுகிற்று.” அவர்கள் பொய் சொல்லவில்லை. பொறியில் விழுபவை ஆண்கள்; முட்டையிடுபவை பெண்கள். ஓர் ஆண் பல பெண்களோடு கூடக்கூடியது. நூற்றுக்குத் தொண்ணூறு ஆண்கள் செத்தாலும் மிஞ்சிய பத்து ஆண்களைக் கொண்டே பெண்கள் கருவுற்றுவிடும். ஏறக்குறைய எல்லா ஆண்களும் ஒழிந்தால்தான் பெண்ணுக்குத் துணை கிடைக்காது போகும். நான்கு ஏக்கர்க்காரன் தன் நான்கு ஏக்கரில் இதைச் சாதித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தோப்பில் கருவுற்ற பெண் ஈக்கு வேலி ஒரு தடையா? நன்றாகக் காத்த தோப்பின் நல்ல பழத்தில் அது வந்து உட்காருகிறது. போதாததற்கு அவனுடைய பொறி சுற்றுப்புறத்து ஆண்களையும் தன் தோப்புக்கே அழைத்துக்கொண்டிருக்கிறது.

தெளிப்பானுக்கும் மணப்பொறிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தெளிப்பான் தனியாள் கருவி. சரியோ தவறோ, ஒருவன் தன் வேலிக்குள் தன் இஷ்டப்படி அதைப் பிரயோகிக்கலாம். மணப்பொறி ஊரார் கருவி. ஊர் முழுதும் ஒரே வாரத்தில் வைத்தால் அது ஆயுதம். ஒருவன் மட்டும் வைத்தால் ஈக்களை எண்ணிப் பார்க்கும் கணக்குப் பலகை. நமது விவசாய இலாகாவின் துண்டுப் பிரசுரங்களில் பொறியின் அளவும் கலவையின் விகிதமும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. இந்த ஒரு விஷயம் கொட்டை எழுத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இது வெறும் ஊகமன்று. பஸிபிக் சமுத்திரத்தில் ரோட்டா என்றொரு சிறு தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 85 சதுர கிலோமீட்டர். 1960க்களின் முற்பகுதியில் அமெரிக்க சாஸ்திரியான ஸ்டைனரும் அவரது சகாக்களும் மெதில் யூஜினாலும் மருந்தும் ஊறிய நார்ப்பலகைத் துண்டுகளை ஆகாய விமானத்திலிருந்து தீவு முழுவதும் திரும்பத் திரும்பத் தூவினார்கள். தோட்டம், காடு, பாறை என்று பாராமல் எங்கும் விழுந்தது. பழ ஈ அத்தீவினின்றும் அடியோடு ஒழிந்ததை 1965இல் அறிவித்தார்கள். பிறகு ஜப்பானியர் தமது தெற்குத் தீவுகளில் இதே முறையை 1968இல் ஒரு சிறு தீவில் தொடங்கி, அமாமி, ஓகினாவா என்று வரிசையாகச் சென்று, 1986க்குள் தேசம் முழுவதிலிருந்தும் அந்த ஈயை ஒழித்தார்கள். ஓகஸவாரா தீவுகளில் மட்டும் மணத்துக்கு இணங்காத ஆண்கள் சில மிஞ்சி முயற்சியைக் கெடுத்தன. அங்கே மலடாக்கிய ஈக்களைப் பறக்கவிட்டுக் காரியத்தை முடித்தார்கள். பூஸாவில் கண்ட பொருள் ரோட்டாவுக்கும் ஓகினாவாவுக்கும் போய்ப் பலித்தது. நமது பழத்தை 2006 வரை உள்ளே விடாத ஜப்பான் தன் தீவுகளைக் காப்பாற்றிக்கொண்டது நமது பூஸாவின் சரக்கைக் கொண்டுதான் என்பதை எண்ணும்போது நமக்குச் சிரிப்பதா வெட்குவதா என்று தெரியவில்லை.

தீவுக்குக் கடல் வேலி. கிருஷ்ணகிரிக்கு அது இல்லையே என்று நேயர் கேட்பது நியாயம். நிலப்பரப்பின் நடுவே ஈயை வேரறுப்பது நடவாத காரியம். அடக்கி வைப்பது நடக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் ராஜ்யத்து ஆப்பிள் தோட்டக்காரர்கள் இதற்குச் சாட்சி. அங்கே ஆப்பிளைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் பெண், ஆணை அழைக்க வீசும் மணப்பொருளின் அமைப்பு 1971இல் வெளியாயிற்று. அதைச் செயற்கையாகச் செய்து மரந்தோறும் கட்டித் தொங்கவிட்டால், தோட்டமெங்கும் பெண்ணின் வாசனை நிரம்பி, உண்மையான பெண் எங்கேயென்று தெரியாமல் ஆண் திகைக்கிறது. பொறியுமில்லை, விஷமுமில்லை. ஆயினும் தனித்தனித் தோட்டங்களில் இது தள்ளாடிற்று. ஓரத்து மரங்களுக்கு வெளியிலிருந்து கருவுற்ற பெண்கள் வந்துகொண்டேயிருந்தன. 1995இல் அந்நாட்டு விவசாய இலாகாவும் சர்வகலாசாலைகளும் முனைந்து, வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பிளாட் முதலிய ஐந்து இடங்களில் அண்டைத் தோட்டக்காரர்களை ஒன்றுசேர்த்தன. ஹோவர்ட் பிளாட்டில் மட்டும் சுமார் 1,200 ஏக்கர். அதன் பின்பே மருந்தடிப்பு வெகுவாகக் குறைந்தது. தன் நிலத்தில் தான் ராஜா என்று மார்தட்டும் அமெரிக்கக் குடியானவனே வேலியைத் தாண்டிப் பேச இணங்கினான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் 2000ஆம் வருஷத்துக்குப்பின் சில ராஜ்யங்களில் இதைச் சோதித்தார்கள். இரையுணவுத் தெளிப்பையும் ஆண் ஈப் பொறியையும் ஒரு தோட்டத்தில் மட்டும் செய்வதைவிட, கிராமம் முழுவதும் சேர்ந்து செய்தால் பலன் அதிகமென்று முடிவு கண்டு 2007இல் வெளியிட்டிருக்கிறார்கள். சோதனைக்கு வந்தவர்கள் போனபின் அந்தக் கூட்டுறவை நிலையான ஏற்பாடாக்கும் பொறுப்பு ஊராருடையதும் சர்க்காருடையதும் ஆகும்.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இவ்விஷயத்தில் ஒரு வேடிக்கை தோன்றுகிறது. அண்டைக்காரன் மாடு நமது பயிரை மேய்ந்தால் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம். அதற்கு 1871இலேயே சட்டம் செய்தார்கள். அண்டைக்காரன் தோப்பில் அழுகிக் கிடக்கும் பழத்திலிருந்து எழும் பதினாயிரம் ஈக்கள் நமது பழத்தை மேய்ந்தால் எந்தப் பட்டியில் அடைப்பது? சட்டம் இதற்கும் முற்றிலும் வாயடைத்து நிற்கவில்லை. சென்னை ராஜதானியில் 1919இல் விவசாயப் பூச்சி நோய்ச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. ஒரு பிரதேசத்தைக் குறிப்பிட்டு, அங்குள்ள நிலக்காரர் அனைவரும் இன்ன பரிகாரத்தைச் செய்தே தீரவேண்டுமென்று சர்க்கார் உத்தரவிடலாம். செய்யாதவன் நிலத்தில் இலாகாவே செய்து செலவை வசூலிக்கலாம். கோயமுத்தூர்ப் பக்கத்தில் கம்போடியாப் பருத்திச் செடியைக் குறித்த தேதிக்குள் பிடுங்கிவிட வேண்டுமென்று கட்டாயப்படுத்தியது இந்தச் சட்டத்தைக் கொண்டே.

மாந்தோப்புக்கும் அத்தகைய உத்தரவு போடலாமா? போடலாம். ஆனால் அதிலிருந்து தொடங்குவதை நாம் விரும்பவில்லை. உத்தரவு வந்தால் இன்ஸ்பெக்டர் வருவார். இன்ஸ்பெக்டர் வந்தால் தோப்புக்காரன் வாசல் மரத்தில் மட்டும் நான்கு புட்டி தொங்கும். கட்டையை எப்போது மாற்றவேண்டுமென்று மனத்தில் கொள்பவன் தன் இஷ்டத்தால் வைத்தவனே. ஊர்ப் பஞ்சாயத்தோ கூட்டுறவுச் சங்கமோ கலவையை மொத்தமாக வாங்கி, ஒரே நாளில் எல்லாத் தோப்பிலும் கட்டிவிட்டு, மறு கட்டை மாற்றும் தேதியைத் தண்டோராப் போட்டுச் சொல்வதே முறை. எல்லாரும் இணங்கி ஒருவன் மட்டும் முரண்டு செய்யும் ஊரில் சட்டத்தை எடுத்து வீசுவதற்கு நாம் ஆட்சேபிக்கமாட்டோம்.

இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. இதை இலாகாப் பிரசுரம் எதிலும் நாம் காணவில்லை. நமது மாந்தோப்புகளில் பல, காய் பிடித்ததும் குத்தகைக்காரன் கைக்குப் போய்விடுகின்றன. நிலக்காரன் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். குத்தகைக்காரனுக்கு மரத்திலுள்ள பழந்தான் கணக்கு. கீழே விழுந்தது குப்பை. அக்குப்பைக்குள் அடுத்த மாதத்து ஈக்கள் அத்தனையும் இருக்கின்றன. அவனுக்கு அடுத்த வருஷம் வேறு தோப்பு. ஆகவே மரத்துக்குச் சொந்தக்காரன் ஒருவன், பழத்துக்குச் சொந்தக்காரன் மற்றொருவன், புழுவுக்குச் சொந்தக்காரன் எவனுமில்லை என்றாகிறது. பொறி வைத்த ஊரிலும் விழுந்த பழத்தைப் புதைக்காவிட்டால் பாதி வேலை வீண்.

இதற்கு மட்டும் எந்த சர்க்காரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அடுத்த பருவத்திற்குக் குத்தகைச் சீட்டு எழுதும் தோப்புக்காரர்கள் கீழ்க்கண்ட வாசகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், எழுத்துக்கூலி எதுவும் நாம் கேட்கவில்லை: “குத்தகைதாரர், தோப்பில் விழும் பழங்களை வாரத்துக்கு இரு தடவை பொறுக்கி, இரண்டடி ஆழத்துக்குக் குறையாமல் குழியிட்டு மூடவேண்டியது. ஊர்ச் சங்கத்தார் குறிக்கும் தேதிகளில் பொறிக் கட்டைகளை மாற்றவேண்டியது. கட்டைகளின் கிரயத்தை ரசீது காட்டிக் குத்தகைப் பணத்தில் கழித்துக்கொள்ள வேண்டியது.”